ஆங்கில வாக்கியமும் நம் எழுவகை வழுவும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்



ஒரு வகுப்பில் அறுபது பேர் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் தெரியாமைதான் தவறுகளுக்குக் காரணம் என்றால், அறுபது பேரும் அறுபது விதமாகத் தவறு செய்யவேண்டும். ஆனால் நடப்பது அதுவன்று. முதல் பெஞ்சில் இருப்பவரும் கடைசிப் பெஞ்சில் இருப்பவரும், ஒருவர் ஏட்டை மற்றவர் பாராமலே, ஒரே இடத்தில் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். ஆசிரியரின் சிவப்பு மை அறுபது ஏடுகளிலும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் விழுகிறது.

ஒழுங்காக நிகழும் ஒன்றுக்கு ஒழுங்கான காரணம் இருந்தே தீரவேண்டும். அறிவியல் மாணவனாகிய எனக்கு இதில் ஐயமில்லை. அந்தக் காரணம் நம் மூளையின் குறை அன்று; நம் தாய்மொழியின் இலக்கணமே. தமிழ் வாக்கியத்தைக் கட்டும் முறை, எவரும் சொல்லித் தராமலே, நம் நாவில் ஊறிக் கிடக்கிறது. அந்த அச்சில் ஆங்கிலச் சொற்களை ஊற்றுகிறோம். அச்சு தமிழ், ஊற்றுவது ஆங்கிலம். பிசகு அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே, தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று சிலர் கூறுவது பொருந்தாது. தமிழ் இலக்கணத்தைத் தெளிவாக அறிந்தவனுக்கே தன் ஆங்கிலத் தவறு எங்கிருந்து வந்தது என்பது புலப்படும். தமிழ்வழியில் படித்து, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோருக்கு இது ஆறுதல் அன்று, கருவி. அக்கருவியைக் கையாளும் முறையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குறிப்பு. ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இங்கு நமக்கு வேண்டியது எழுத்துக்கூட்டு அன்று, வாக்கிய அமைப்பு. வாய்விட்டுப் படித்தால் எளிதில் விளங்கும்.

1. எழுவாயும் பயனிலையும்

வாக்கியம் என்பது எழுவாய், பயனிலை என்னும் இரு தூண்களின்மேல் நிற்பது. இது இரு மொழிக்கும் பொது. ஆனால் மூன்று வேறுபாடுகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, தமிழில் எழுவாய் வெளியே தோன்றாமல் இருக்கலாம். 'வந்தேன்' என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம். 'ஏன்' என்னும் விகுதி 'நான்' என்பதைக் காட்டிவிடுகிறது. இதைத் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோம். ஆங்கில வினைக்கு இந்த விகுதி வளம் இல்லை. 'கேம்' என்று மட்டும் சொன்னால் வந்தது நானா, நீயா, அவளா, அவர்களா என்று விளங்காது. ஆகவே எழுவாயைச் சொல்லியே தீரவேண்டும். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலும்கூட ஒன்றைச் சொல்லவேண்டும். 'மழை பெய்கிறது' என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்' என்கிறார்கள். அந்த 'இட்' எதைக் குறிக்கிறது என்று தேடாதீர்கள். பேருந்தில் இடம்பிடிக்கப் போடும் துண்டைப் போல, அது எழுவாயின் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது, தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடியும். 'இது அமிலம்' என்பதில் 'அமிலம்' பெயர்ப் பயனிலை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் இல்லை. 'திஸ் இஸ் ஆன் ஆசிட்' என்று 'இஸ்' வரவேண்டும். 'திஸ் ஆசிட்' என்று நிறுத்தினால் 'இந்த அமிலம்' என்று பொருள்படும். கேட்பவர், இந்த அமிலத்துக்கு என்ன ஆயிற்று என்று காத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, சொற்களின் வரிசை. 'ஆசிரியர் மாணவனைப் பார்த்தார்', 'மாணவனை ஆசிரியர் பார்த்தார்' என்று எப்படி மாற்றினாலும் பொருள் மாறாது. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தி டீச்சர் சா தி ஸ்டூடன்ட்' என்பதைத் திருப்பிப் போட்டால், பார்த்தவர் பார்க்கப்பட்டவர் ஆகிவிடுவார். தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது. ஆங்கிலத்துக்கு இடமே உருபு.

2. பொருள் நோக்கில் நான்கு வகை

பொருள் நோக்கில் வாக்கியங்கள் செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என நான்கு வகைப்படும். தமிழிலும் இவையே உள்ளன. ஒரே கருத்தை நான்கு வகையாலும் சொல்லிப் பார்ப்போம்.

செய்தி: 'தி வாட்டர் இஸ் ஹாட்.'
வினா: 'இஸ் தி வாட்டர் ஹாட்?'
கட்டளை: 'ஹீட் தி வாட்டர்.'
உணர்ச்சி: 'ஹவ் ஹாட் தி வாட்டர் இஸ்!'

தமிழில் செய்தியை வினாவாக்க இறுதியில் ஓர் 'ஆ' சேர்த்தால் போதும். 'தண்ணீர் சூடாக இருக்கிறது', 'தண்ணீர் சூடாக இருக்கிறதா?' எந்தச் சொல்லும் இடம் மாறவில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' எழுவாயைத் தாண்டி முன்னே வந்துவிட்டது. உணர்ச்சி வாக்கியத்தில் 'ஹவ் ஹாட்' முன்னே வந்தாலும், 'தி வாட்டர் இஸ்' என்னும் வரிசை குலையவில்லை. அதைக் குலைத்து 'ஹவ் ஹாட் இஸ் தி வாட்டர்?' என்றால், எவ்வளவு சூடு என்று கேட்கும் வினா ஆகிவிடும். வியப்பதற்கும் வினவுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சிறு சொல் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

கட்டளை வாக்கியத்தில் மட்டும் ஆங்கிலமும் நம்மைப் போலவே நடந்துகொள்கிறது. 'யூ' என்னும் எழுவாய் அங்கே மறைந்து நிற்கிறது.

3. அமைப்பு நோக்கில் மூன்று வகை

அமைப்பு நோக்கில் தனி வாக்கியம், கூட்டு வாக்கியம், கலவை வாக்கியம் என மூன்று. நம் ஆய்வகத்தில் மயில்துத்தப் படிகங்களைச் சூடாக்கும் சோதனையையே எடுத்துக்கொள்வோம். நீலப் படிகங்கள் தம்முள் அடங்கிய நீரை இழந்து வெண்மையாகும்.

தனி: 'தி கிரிஸ்டல்ஸ் டர்ன்ட் ஒயிட்.'
கூட்டு: 'வீ ஹீட்டெட் தி கிரிஸ்டல்ஸ், அண்ட் தே டர்ன்ட் ஒயிட்.'
கலவை: 'வென் வீ ஹீட்டெட் தி கிரிஸ்டல்ஸ், தே டர்ன்ட் ஒயிட்.'

தனி வாக்கியத்தில் ஒரே எழுவாய்-பயனிலை இணை. கூட்டு வாக்கியம் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் போன்றது. இரண்டும் சமம், நுகத்தைக் கழற்றினாலும் இரண்டும் தனித்தனியே நிற்கும். கலவை வாக்கியமோ வண்டியும் அதன் பின்னே கட்டிய கன்றும் போன்றது. 'வென் வீ ஹீட்டெட் தி கிரிஸ்டல்ஸ்' என்பது கன்று. வண்டி இல்லாமல் அது ஊர் போய்ச் சேராது.

இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'சூடாக்கினோம்' என்பது முற்று. 'சூடாக்கியபோது' என்று சொன்ன உடனே வினையின் வடிவம் மாறி எச்சமாகிவிடுகிறது. இன்னும் முடியவில்லை என்பதை வினையே காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் கூட்டு வாக்கியத்திலும் கலவை வாக்கியத்திலும் 'ஹீட்டெட்' என்னும் வினை ஒன்றேதான். எந்த மாற்றமும் இல்லை. முன்னால் நிற்கும் 'வென்' என்னும் ஒரு சொல்லே அதை முடியாத வாக்கியமாக்குகிறது. தமிழில் இறுதியைப் பார்த்துப் பழகிய நம் கண், ஆங்கிலத்தில் தொடக்கத்தைப் பார்க்கப் பழகவேண்டும். இதை உணர்ந்தாலே பாதித் தவறு குறைந்துவிடும்.

4. எழுவகை வழு

இலக்கணப் பிழைக்குத் தமிழில் வழு என்று பெயர். பிழையின்றி வருவது வழாநிலை. பிழை போலத் தோன்றினாலும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே இச்செய்திகள் பேசப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூலில் பவணந்தி முனிவர் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்துள்ளார். இந்த ஏழு பெட்டிகளில் நம் ஆங்கிலத் தவறுகளை இட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்; பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன.

திணை வழு: மனிதரைக் குறிக்க 'ஹூ', பொருளையும் விலங்கையும் குறிக்கப் பெரும்பாலும் 'விச்'. 'தி மேன் விச் கேம்' என்று எழுதினால் உயர்திணை அஃறிணை ஆகிவிடுகிறது. 'வந்த மனிதன்', 'வந்த மாடு' என்று நம் பெயரெச்சம் இரு திணைக்கும் பொதுவாக இருப்பதே இந்த மயக்கத்துக்குக் காரணம்.

பால் வழு: தமிழில் ஒருமை பன்மை பாலுக்குள் அடங்கும். நிகழ்காலத்தில் 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்' என்பவற்றை நோக்குக. ஒரே எஸ் எழுத்து. பெயரில் ஏறினால் பன்மை, வினையில் ஏறினால் ஒருமை. இரண்டிலும் ஏற்றினாலும் வழு, இரண்டிலும் விட்டாலும் வழு. 'மூன்று மாடு மேய்கிறது' என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'த்ரீ கவ்ஸ் ஆர் கிரேஸிங்' என்றே சொல்லவேண்டும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதும் இவ்வகையே. பல நண்பர்களுள் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்' வேண்டும். வினை ஒருவருக்கு உரியது என்பதால் 'இஸ்' வேண்டும். 'தி கலர் ஆஃப் தி கிரிஸ்டல்ஸ் ஆர் ப்ளூ' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவோர் பலர். அருகில் நிற்கும் 'கிரிஸ்டல்ஸ்' ஏமாற்றிவிடுகிறது. நீலமாக இருப்பது எது? நிறம். அது ஒன்று. எனவே 'இஸ்'.

'அப்பா வந்தார்கள்' என்று நாம் சொல்கிறோமே, அது பன்மை அன்றோ? உயர்வு கருதி ஒருமையைப் பன்மையாகச் சொல்வதை நம் இலக்கணம் வழுவமைதியாக ஏற்கிறது. ஆங்கிலத்தில் இந்த அமைதி இல்லை. 'மை ஃபாதர் ஹாஸ் கம்' என்பதே முறை. அப்படிச் சொல்வதால் தந்தைக்கு மரியாதை குறைந்துவிடாது.

இட வழு: தன்மை, முன்னிலை, படர்க்கை மயங்குவது இது. ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது இது மிகுதியாக நேர்கிறது. 'நான் வருவேன் என்று அவன் சொன்னான்.' தமிழில் வரப்போவது அவன்தான் என்று நமக்கு விளங்குகிறது. அதை அப்படியே 'ஹீ செட் தட் ஐ வுட் கம்' என்றால், வரப்போவது எழுதுகிற நான் என்று ஆகிவிடும். 'ஹீ செட் தட் ஹீ வுட் கம்' என்க. தமிழின் 'என்று' சொன்னவன் வாய்மொழியை அப்படியே தாங்கும். ஆங்கிலத்தின் 'தட்' அதை நம் வாய்மொழியாக மாற்றிக் கேட்கும்.

கால வழு: 'போகவில்லை' என்னும் சொல்லைப் பாருங்கள். நேற்றுப் போகவில்லை, இப்போது போகவில்லை என இரண்டுக்கும் அது பொருந்தும். ஆங்கிலத்தில் மறுக்கும்போதும் காலம் காட்டவேண்டும். 'டிட் நாட் கோ' என்பதில் காலத்தைச் சுமப்பது 'டிட்'. ஒரு சுமைக்கு ஒரு தலை போதும். 'டிட் நாட் வென்ட்' என்றால் ஒரே சுமையை இரு தலையில் ஏற்றியதாகும்.

'ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பதும் வழு. 'எஸ்டர்டே' என்று முடிந்த நாளைச் சுட்டியபின் 'ஐ சா ஹிம்' என்றே வரவேண்டும். 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டுக்கும் ஓர் எளிய வழி உண்டு. தமிழில் 'முதல்' என்று வரும் இடத்தில் 'சின்ஸ்'. 'ஆக' என்று வரும் இடத்தில் 'ஃபார்'. '2023 முதல்' என்றால் 'சின்ஸ் 2023'. 'இரண்டு ஆண்டுகளாக' என்றால் 'ஃபார் டூ இயர்ஸ்'. ஆகவே 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்பதை 'ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்று திருத்துக.

வினா வழு: 'ஒய் யூ ஆர் லேட்?', 'வாட் யூ வான்ட்?' என்பன நாள்தோறும் கேட்பவை. வினாச்சொல் வந்துவிட்டதே என்று நாம் நிறைவடைந்துவிடுகிறோம். ஆங்கிலமோ துணைவினை எழுவாய்க்கு முன்னே வரவேண்டும் என்கிறது. 'ஒய் ஆர் யூ லேட்?', 'வாட் டு யூ வான்ட்?' ஆனால் வினா வேறொரு வாக்கியத்தின் உள்ளே அடங்கிவிட்டால், வரிசை பழையபடி செய்தி வாக்கிய வரிசையாகிவிடும். 'ஐ டு நாட் நோ வாட் ஹிஸ் நேம் இஸ்' என்பது சரி. 'வாட் இஸ் ஹிஸ் நேம்' என்று அங்கே எழுதுவது வழு.

விடை வழு: விடையில்கூட வழு உண்டா என்று கேட்கலாம். 'நீ போகவில்லையா?' என்றால் 'ஆமாம், போகவில்லை' என்கிறோம். கேட்டவர் கருத்தோடு உடன்படுவது நம் 'ஆமாம்'. ஆங்கில 'யெஸ்' அப்படியன்று. அது விடையில் வரும் வினையோடு உடன்படும். போகவில்லை என்றால் 'நோ, ஐ டிட் நாட்' என்றே வரவேண்டும். நேர்காணலில் 'யூ டு நாட் ஹாவ் எனி அரியர்ஸ்?' என்று கேட்கிறார்கள் என்போம். அரியர் ஒன்றும் இல்லாத மாணவன், அவர் சொன்னதை ஆமோதிப்பதாக எண்ணி 'யெஸ் சார்' என்கிறான். கேட்டவர் அரியர் இருப்பதாக எழுதிக்கொண்டால் அவர்மீது குற்றமில்லை. 'நோ சார், ஐ டு நாட்' என்னும் விடை அவனைக் காப்பாற்றும்.

மரபு வழு: குயில் கூவும், மயில் அகவும் என்கிறோம். ஏன் என்று கேட்டால் மரபு என்பதே விடை. ஆங்கிலத்திலும் இத்தகைய மரபுகள் பல. 'டிஸ்கஸ்' என்பதற்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம். 'ரிட்டர்ன்' என்பதற்குள் 'திரும்ப' இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்' வேண்டாம். 'என் தந்தை கொத்தனார்' என்று தமிழில் நின்றுவிடலாம். ஆங்கிலத்தில் 'மை ஃபாதர் இஸ் எ மேசன்' என்று 'எ' வேண்டும். 'எ', 'ஆன்' வேறுபாடு நமக்குப் புதிதன்று. ஒரு வீடு, ஓர் ஊர் என்று உயிர்முன் 'ஓர்' எழுதுகிறோம் அல்லவா? அதே முறைதான். ஆனால் எழுத்தைப் பாராமல் ஒலியைப் பார்க்கவேண்டும். 'எக்ஸ்-ரே' என்பது உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன் எக்ஸ்-ரே'. 'யுனிவர்சிட்டி' யகர ஒலியில் தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி'.

5. ஏழில் அடங்காத மூன்று

இந்த ஏழிலும் அடங்காத மூன்று தவறுகள் உண்டு. நம்மை மிகுதியாகத் தடுமாறச் செய்பவை இவையே. தமிழ் வாக்கியத்தில் இவை எளிதில் நேர்வதில்லை. ஆகவே இவற்றைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் நமக்கு இல்லை.

முதலாவது, முறிந்த வாக்கியம். 'பிகாஸ் தி வாட்டர் வாஸ் லாஸ்ட்.' எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, முற்றுப்புள்ளியும் வைத்தாயிற்று. ஆனால் இது வாக்கியம் அன்று. 'நீர் வெளியேறியதால்' என்று தமிழில் நிறுத்திப் பாருங்கள், காது ஏற்காது. 'பிகாஸ்', 'வென்', 'இஃப்', 'ஆல்தோ' போன்ற சொல் தலையில் நின்றால், பின்னே ஒரு முழு வாக்கியத்தைத் தேடுங்கள். இல்லையேல் முந்தைய வாக்கியத்தோடு சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஒட்டு வாக்கியம். 'ஐ வென்ட் டு தி லேப், ஐ டுக் தி பியூரெட், ஐ வாஷ்ட் இட்.' தமிழில் 'ஆய்வகத்துக்குச் சென்று, பியூரெட்டை எடுத்து, கழுவினேன்' என்போம். சென்று, எடுத்து என்பன எச்சம். முற்று ஒன்றே ஒன்று இறுதியில். எச்சங்களுக்கு இடையே காற்புள்ளி போதும். ஆங்கிலத்தில் 'வென்ட்', 'டுக்', 'வாஷ்ட்' மூன்றும் முற்று. முற்றுக்கும் முற்றுக்கும் இடையே காற்புள்ளி தாங்காது. சிமெண்டு இல்லாமல் செங்கல் அடுக்கியதைப் போல. இதைத் திருத்த நான்கு வழிகள் உண்டு. முற்றுப்புள்ளி வைத்துப் பிரிக்கலாம்; 'அண்ட்', 'பட்', 'ஸோ' போன்ற இணைப்புச் சொல் இடலாம்; அரைப்புள்ளி இடலாம்; அல்லது ஒன்றைச் சார்பு வாக்கியமாக்கலாம். மேற்கண்டதை 'ஐ வென்ட் டு தி லேப், டுக் தி பியூரெட், அண்ட் வாஷ்ட் இட்' என்றால், ஓர் எழுவாய்க்கு மூன்று பயனிலைகளாகி முறைப்படும்.

மூன்றாவது, தொங்கும் எச்சம். 'ஹீட்டிங் தி கிரிஸ்டல்ஸ், தி கலர் சேஞ்ச்ட்.' சூடாக்கியது யார்? வாக்கியப்படி நிறம்! இங்கே தமிழ் இலக்கணம் நேரே கைகொடுக்கிறது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே முற்றுக்கும் கொள்ளும். 'சூடாக்கிப் பார்த்தேன்' என்பதில் சூடாக்கியவனும் நானே, பார்த்தவனும் நானே. 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்ற காரண காரியத் தொடர்கள் விலக்கு. வினைமுதல் மாறும்போது 'சூடாக்க, நிறம் மாறியது' என்றோ, 'சூடாக்கியபோது நிறம் மாறியது' என்றோ சொல்கிறோமே தவிர, 'படிகங்களைச் சூடாக்கி நிறம் மாறியது' என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தின் 'ஹீட்டிங்' நம் 'சூடாக்கி' போன்றது. இரு பக்கமும் வினைமுதல் ஒன்றாக இருந்தால் மட்டும் அதை ஆளுங்கள். இல்லையேல் 'வென் வீ ஹீட்டெட்' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

6. ஒரு பத்தியும் அதன் திருத்தமும்

பிழையுடைய பத்தி: 'ஹீட்டிங் தி கிரிஸ்டல்ஸ், தி கலர் சேஞ்ச்ட். பிகாஸ் தி வாட்டர் வாஸ் லாஸ்ட். தி கலர் ஆஃப் தி கிரிஸ்டல்ஸ் வேர் ப்ளூ, நவ் இட் இஸ் ஒயிட்.'

முதல் வாக்கியத்தில் எச்சம் தொங்குகிறது. இரண்டாவது முறிந்தது. மூன்றாவதில் 'வேர்' பால் வழு. அதன்பின் இரு முற்றுகளைக் காற்புள்ளி ஒட்டி நிற்கிறது. திருத்திய வடிவம் வருமாறு:

'வென் வீ ஹீட்டெட் தி கிரிஸ்டல்ஸ், தி கலர் சேஞ்ச்ட் பிகாஸ் தி வாட்டர் வாஸ் லாஸ்ட். தி கலர் ஆஃப் தி கிரிஸ்டல்ஸ் வாஸ் ப்ளூ, பட் நவ் இட் இஸ் ஒயிட்.'

கடினமான சொல் எதையும் நாம் சேர்க்கவில்லை. 'வென்', 'வீ', 'வாஸ்', 'பட்' என்னும் சிறு சொற்களே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டன. அகராதியைப் புரட்டிப் பெரிய பெரிய சொற்களை மனப்பாடம் செய்வதே ஆங்கிலம் என்று நினைப்போர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

7. இந்த உழைப்பு எதற்கு?

தேர்வில் மதிப்பெண் பெற என்று சொல்லலாம். வங்கித் தேர்வுகளிலும் மத்திய அரசின் பணியாளர் தேர்வுகளிலும் பிழை கண்டறியும் வினாக்கள் வருவதையும் சொல்லலாம். ஆனால் முதல் பட்டதாரிக்கு இவற்றைவிடப் பெரிய தேர்வு ஒன்று உண்டு. படிக்கிற பையன் என்று தெரிந்தவுடன் தெருவில் உள்ள ஆங்கிலக் காகிதமெல்லாம் அவன் கைக்கு வந்துவிடும்.

என் சித்தப்பாவும் கொத்தனார். வெளிமாநிலத்தில் ஒரு கட்டட வேலைக்குப் போய், மூன்று மாதக் கூலி வராமல் ஊர் திரும்பினார். வேலை கொடுத்தவர்களின் அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கச் சொன்னதாம். "தம்பி, நீ படிச்ச புள்ள, ரெண்டு வரி எழுதிக் குடுப்பா" என்றார். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: 'மூணு மாசக் கூலி தரல.'

'தரவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? 'மை வேஜஸ் வேர் நாட் பெய்ட்' என்றால் அப்போது தரப்படவில்லை என்றாகும். பிறகு தந்தார்களா என்பதை அவ்வாக்கியம் சொல்லாது. 'மை வேஜஸ் ஃபார் த்ரீ மன்த்ஸ் ஹாவ் நாட் பீன் பெய்ட்' என்றால், இந்த நிமிடம் வரை தரப்படவில்லை, கடன் இன்னும் நிற்கிறது என்று பொருள். தமிழில் ஒரு சொல்லுக்குள் அடங்கிய இரண்டு காலங்களில் எது நம்முடையது என்று தேர்ந்து எழுதவேண்டியிருந்தது. 'ஹாவ் பீன்' என்னும் இரண்டு சிறு சொற்களுக்குள் மூன்று மாதக் கூலி இருந்தது.

கடிதம் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதக் கூலி வந்தது. மூன்றாம் மாதத்துக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறோம்.

கால வழு என்பது தேர்வுத்தாளில் அரை மதிப்பெண். வெளியுலகில் அது ஒருவருடைய உழைப்பின் விலை. நமக்குப் பகுதி இரண்டு ஆங்கிலம் நான்காம் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் நம் வாக்கியத்தில் சிவப்பு மை இட எவரும் இருக்கமாட்டார். அந்த மையை நாமே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

8. ஐந்து கேள்விகள்

எழுதி முடித்த ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்தையும் பின்வரும் ஐந்து கேள்விகளால் சோதியுங்கள்.

ஒன்று: எழுவாய் எது? அது வெளியே தெரிகிறதா?
இரண்டு: முற்றுவினை எது? அது எழுவாயோடு ஒருமை பன்மையில் ஒத்துப்போகிறதா?
மூன்று: காலம் எது? அதைச் சுமப்பது ஒரே சொல்தானா?
நான்கு: தலையில் 'பிகாஸ்', 'வென்' போன்ற சொல் நிற்கிறதா? நின்றால் முழு வாக்கியம் உடன் இருக்கிறதா?
ஐந்து: முற்றுகள் ஒன்றுக்குமேல் உள்ளனவா? இருந்தால் அவற்றைப் பிணைப்பது எது?

தொடக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். நாளொன்றுக்கு ஐந்து வாக்கியம் என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடம். பேருந்து வரும்வரை நிற்கும் நேரம் அதைவிட மிகுதி. பழகப் பழகக் கேள்விகள் தாமே மனத்தில் எழும்; பிறகு எழுதும்போதே பிழை கண்ணில் படும்.

திணையும் பாலும் முற்றும் எச்சமும் நமக்குப் புதியவை அல்ல. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். அவற்றை மீண்டும் கையில் எடுப்போம். தமிழ் இலக்கணம் நன்கு தெரிந்த மாணவன் ஆங்கிலத்துக்கு அஞ்சவேண்டியதில்லை.